கத்தரி படும் இடம்: ஒரு சின்னப் புத்தகத்தைத் திட்டமிட்டுச் செய்வதா, இறங்கிச் செய்வதா?

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இரண்டரை மீற்றர் பருத்தித் துணி வாங்கி வந்திருக்கிறீர்கள். தீபாவளிக்கு ஒரு சட்டை தைக்கவேண்டும். துணியை விரித்துவைத்து, பூ எந்தப் பக்கம் விழவேண்டும், கழுத்து எப்படி, என்ன பொத்தான் என்று எத்தனை தரமும் மாற்றிப் பார்க்கலாம். ஒரு நட்டமும் இல்லை. கத்தரி பட்டபிறகு கதை வேறு. பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 வீதம் வரை சுருங்கக்கூடும். 70 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டிய துண்டு இரண்டிலிருந்து மூன்றரை சென்ரிமீற்றர் வரை குட்டையாகிவிடும். தைப்புக்கு விட்ட ஒன்றரை சென்ரிமீற்றரை அவிழ்த்தாலும் அது மீளாது. வெட்டமுன் ஒருதரம் நனைத்துக் காயவிட்டிருந்தால் போதும்.

எந்தக் கைவேலையிலும் இப்படி ஒரு கத்தரி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால், 'முதலில் திட்டம் போடுவதா, சும்மா இறங்கிவிடுவதா' என்ற வாதம் பாதி தீர்ந்துவிடும். கத்தரிக்கு முன்னால் விளையாடலாம். கத்தரியைத் தொடும் நேரத்தில் அளவுநாடா கையில் இருக்கவேண்டும்.

ஒரு வேலையை எடுத்தவுடன் மூன்று கேள்வி கேளுங்கள். பிழைபோனால் திருப்பிச் செய்யமுடியுமா? பிழைபோனால் காசு போகுமா? இன்னொருவர் இதற்காகக் காத்துக்கொண்டிருப்பாரா? மூன்றுக்கும் பதில் சாதகமாக இருந்தால் யோசிக்காமல் தொடங்குங்கள். ஒன்றாவது இடித்தால் ஒரு தாளை எடுத்து எழுதிப் போடுங்கள். ஒரே வேலைக்குள்ளேயே சில படிகள் முதல் வகையாகவும் சில படிகள் இரண்டாம் வகையாகவும் இருக்கும். குழப்பம் எல்லாம் அங்கேதான். நல்ல உதாரணம், கொழும்பில் ஆண்டுதோறும் பலர் இறங்கும் ஒரு வேலை: 48 பக்கத்தில் சொந்தமாக ஒரு கவிதைப் புத்தகம்.

எழுதும் கட்டம்: வேலி மட்டும் போதும்

இந்தக் கட்டத்தில் திட்டம் கெடுதல் செய்யும். உள்ளடக்கப் பட்டியலை முதலில் எழுதிவிட்டுக் கவிதையை அதற்குள் நிரப்பப் பார்த்தால், நிரப்பியது போலவே இருக்கும். ஐந்தாவது கவிதை முடியமுன் அட்டைப்படம் வரையத் தொடங்கியிருக்கிறீர்களா, எழுத்துரு தேடிக்கொண்டிருக்கிறீர்களா, தலைப்புக்கு நண்பர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறீர்களா? இவை திட்டமிடல் அல்ல. எழுதாமல் இருப்பதற்கு மரியாதையான ஒரு வழி, அவ்வளவுதான்.

அதே நேரம் 'எதையாவது எழுதுவோம்' என்று உட்கார்ந்தாலும் கை ஓடாது. வேலி ஒன்று வேண்டும், அதுவும் சின்ன வேலி. 101ஆம் இலக்க மொரட்டுவை–புறக்கோட்டை பஸ்ஸின் இடப்பக்க ஜன்னலில் தெஹிவளைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் தெரிவதை மட்டும் எழுதுவது ஒரு வேலி. கொட்டாஞ்சேனையில் ஒரே ஒரு தொடர்மாடியின் படிக்கட்டு இன்னொன்று. 'காதல்', 'போர்', 'புலம்பெயர்வு' எல்லாம் வேலி அல்ல, வெளி. அங்கே நின்றால் எந்தப் பக்கம் நடப்பது என்றே தெரியாது.

80 பக்க சீஆர் கொப்பி ஒன்று, பேனை ஒன்று. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். பின்னால் தாளைக் கிழித்து அடுக்கவேண்டி வரும். ஆறு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 25 நிமிடம். மணி அடித்ததும் வரி முடியாவிட்டாலும் நிறுத்துங்கள். பாதியில் நின்ற வரி மறுநாள் உங்களை இழுத்து உட்கார்த்தும், முடித்துவைத்த பக்கம் இழுக்காது. அன்றன்று திருத்தவேண்டாம், அடித்து எழுதவேண்டாம். இப்படிப் போனால் 30 அமர்வில் 40 துண்டு அளவில் சேரும். அதில் பாதி உருப்படாது. உருப்படாத பாதி இல்லாமல் மற்றப் பாதி வராது என்பதால் அதைப்பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவிதையை நேரே கைப்பேசியில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். திரையின் அகலமே உங்கள் வரி முறிவைத் தீர்மானித்துவிடும். அச்சில் வரி நீண்டதும் கவிதை வேறொன்றாகத் தெரியும்.

தரையில் பரப்புதல்

தாள்களைக் கிழித்துத் தரையில் பரப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு. இது பகிடி இல்லை, கொழும்பு வெக்கையில் முதலில் மறப்பது இதைத்தான்.

மூன்று குவியல்: நிற்பவை, நிற்கக்கூடியவை, போகவேண்டியவை. மூன்றாவதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு விழவேண்டும். விழவில்லையென்றால் நீங்கள் இன்னும் வாசிக்கவில்லை, நினைவுகூர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு கிழமை தள்ளிவைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். நிற்பவற்றில் ஒன்றை முதலாவதாகவும் ஒன்றைக் கடைசியாகவும் வையுங்கள். இடையில் வருபவை தாமாக ஒழுங்குக்கு வரும். நீளமானதற்குப் பின்னால் குறுகியது, இருட்டானதற்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் என்று கை தானாகவே நகர்த்தும். இதுவும் விளையாட்டுத்தான், இன்னும் கத்தரி வரவில்லை.

டம்மி: இங்கேதான் வேலை மாறுகிறது

டம்மி என்பது அச்சுக்கு முன் கையால் செய்யும் மாதிரிப் புத்தகம். 12 ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். ஏ5 அளவில் 48 பக்கம் கிடைக்கும். மடிப்பில் இரண்டு பின் அடித்து, பென்சிலால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கம் போடுங்கள். ஒற்றை எண் எப்போதும் வலது பக்கம், இரட்டை எண் இடது பக்கம்.

இப்போது நிரப்புங்கள். 1ஆம் பக்கம் தலைப்பு. 2 பதிப்பு விவரம். 3 சமர்ப்பணம், 4 வெற்று. 5, 6 உள்ளடக்கம். 7, 8 அணிந்துரை. முதல் கவிதை 9ஆம் பக்கத்தில், வலது பக்கமாக விழும். 9இலிருந்து 46 வரை கவிதைக்கு 38 பக்கம் இருக்கிறது. 47, 48 உங்கள் உரைக்கு. இரண்டு பக்கம் ஓடும் கவிதையை இரட்டை எண்ணில் தொடங்கினால் முழுக்கவிதையும் விரித்த புத்தகத்தில் ஒரே பார்வையில் தெரியும். ஒற்றை எண்ணில் தொடங்கினால் வாசகர் பாதியில் தாள் புரட்டவேண்டும். பல கவிதைகள் அந்தப் புரட்டலில் செத்துவிடும். டம்மி இல்லாமல் நேரே கணினிக்குப் போனவர்கள் இதை அச்சான பிறகுதான் காண்பார்கள்.

ஏன் 48? நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நான்கின் மடங்காக இருந்தே ஆகவேண்டும். அச்சகத்தில் ஒரு பெரிய தாளின் முன்னே 8, பின்னே 8 ஆக 16 பக்கம் ஒன்றாக ஓடுவது வழக்கம். 48 என்பது சரியாக மூன்று ஓட்டம். '50 பக்கம் வந்துவிட்டது' என்றால் 52 ஆக்கவேண்டும். மேலதிக நான்கு பக்கத்துக்குத் தனியாக பிளேட் (அச்சுத் தகடு) போடவேண்டும், தனியாக ஓட்டவேண்டும். இரண்டு பக்கத்தைக் குறைப்பது உங்கள் கையில் இலவசமாக இருக்கிறது. அச்சகத்தின் கையில் அதற்கு விலை இருக்கிறது.

அணிந்துரைபற்றி ஒரு சொல். அணிந்துரை, வாழ்த்துரை, ஆசியுரை, பதிப்புரை என்று நான்கு பேரிடம் கேட்டால், நான்கு பேருக்காகவும் காத்திருக்கவேண்டும். ஒருவரிடம் கேளுங்கள். இரண்டு பக்கம், அதாவது ஏறக்குறைய 350 சொல் என்று அளவையும் திகதியையும் சொல்லுங்கள். திகதி தாண்டினால் 7, 8ஆம் பக்கங்களில் போட இன்னொரு கவிதையைக் கையில் வைத்திருங்கள். முதலாவது குவியலில் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

டம்மி முடிந்த அன்று திகதிகளை எழுதலாம், அதற்கு முன் வேண்டாம். வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: பிரதிகள் கைக்கு வந்தபின் ஒரு கிழமை, அச்சுக்கும் கட்டுக்கும் மூன்று கிழமை, மெய்ப்புக்கு, அதாவது பிழை பார்த்துத் திருத்த, ஒரு கிழமை, பக்க வடிவமைப்புக்கு இரண்டு கிழமை. மொத்தம் ஏழு. மண்டபத்தை இந்த இடத்தில்தான் பதிவுசெய்யவேண்டும். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க மண்டபமோ வேறெதுவோ, சனி, ஞாயிறு மாலைகளைத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் ஏழு கிழமைக்குக் குறைத்து விடவேண்டாம். எழுதி முடிக்கமுன் மண்டபம் பிடித்து அழைப்பிதழும் அடித்துவிட்டு, கடைசிப் பத்து நாளில் புத்தகத்தைப் பிடித்துத் தள்ளுவதுதான் இங்கே வழக்கமான விபத்து. எழுத்துப்பிழை நிறைந்த புத்தகங்களின் பிறப்பு பெரும்பாலும் அப்படித்தான்.

காலண்டரில் சிவப்பைப் பாருங்கள். மாதம் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை இருக்கிறது. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு என்றாலும் ஊருக்குப் போன தொழிலாளர் திரும்ப ஒரு கிழமைக்கு மேலாகலாம். கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி வழமையாக செப்ரெம்பரில் வருவதால் ஓகஸ்டில் அச்சகங்கள் நிரம்பியிருக்கும். நவம்பர், டிசம்பரில் நாட்காட்டியும் டயரியும் முன்னுக்கு நிற்கும். 300 பிரதிக் கவிதைப் புத்தகம் அந்த வரிசையில் கடைசி.

சர்வதேசத் தராதர நூல் எண்ணை (ஐஎஸ்பிஎன்) சுதந்திர மாவத்தை, கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறவேண்டும். 13 இலக்கம், இலங்கைக்கு 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். நூலின் விவரங்களைக் கொடுத்துத்தான் எடுக்கவேண்டும் என்பதால், தலைப்பை முடிவுசெய்யாமல் அங்கே போய்ப் பயனில்லை. பின்னட்டைப் பட்டைக்குறியும் இந்த எண் வந்தபிறகுதான். அந்தப் பட்டைக்குறியை வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகவே விடுங்கள். அட்டையோடு பொருந்தட்டும் என்று சிவப்பில் போட்டால், சிவப்பு ஒளியில் வாசிக்கும் கருவிக்கு அது வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்.

கணினியில்: தமிழ் உடையும் இடங்கள்

பழைய கவிதைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். இரண்டையும் கலந்து வடிவமைக்கத் தொடங்கினால் எழுத்துரு மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு பந்தி குப்பையாகும். மாற்றியபின் கண்ணை நம்பவேண்டாம், தேடுதல் வசதியைப் பாவியுங்கள். 'ர்' இருக்கவேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியுமாக 'ா்' வந்திருக்கும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். எழுத்துரு மாறியதும் புள்ளி தள்ளி விழும். 'ஔ' என்பதற்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். இந்த இரண்டையும் ஒன்றுவிடாமல் தேடி மாற்றுங்கள்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்பவர் பந்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைத் தெரிவுசெய்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேர்டில் செய்த கோப்பை அப்படியே அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டாம். அவர்களின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வரிகள் நகர்ந்து, 48 பக்கம் 51 ஆகும். எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎவ் கொடுங்கள். கொடுக்கமுன் அதை வேறொருவரின் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

அட்டைப்படம் ஏ5 முழுப்பக்கமென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 1748க்கு 2480 புள்ளி வேண்டும். ஓவியர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது போதாது, அது வழியிலேயே சுருங்கிவிடும். 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில். ஓரம்வரை நிறம் போகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் மேலதிகமாக நீட்டுங்கள், வெட்டும் கத்தி எப்போதும் கோட்டிலேயே விழாது. திரையில் மின்னும் ஆழ்நீலமும் ஊதாவும் நான்கு நிற மையில் மங்கும், நீலம் சிலவேளை ஊதாவாகவே சரியும். உள்ளே எழுத்துக்குத் தனிக்கறுப்பு மட்டும். நான்கு மையையும் கலந்த கறுப்பில் போட்டால் சின்ன எழுத்துக்குச் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும்.

முதுகு வைத்து ஒட்டும் புத்தகமாக இருந்தால் இன்னொரு கணக்கு. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். 96 பக்கம் என்றால் 48 தாள், முதுகு 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அட்டையின் முழு அகலம் 148 + 5 + 148, இருபக்கமும் மும்மூன்றாக 6 சேர்த்து 307 மில்லிமீற்றர், உயரம் 216. ஆனால் முதுகின் இறுதி அளவை அச்சகத்திடம் கேட்டே போடுங்கள், புத்தகத் தாள் தடிப்பில் மாறும். 48 பக்கப் புத்தகத்துக்கு முதுகு கேட்டு அடம்பிடிக்கவேண்டாம். இரண்டரை மில்லிமீற்றரில் உங்கள் பெயர் எப்படியும் தெரியப்போவதில்லை.

நடுப்பின் புத்தகத்தில் உள்ளே போகப்போகத் தாள்கள் வெளியே தள்ளி நிற்கும். 12 தாளுக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தள்ளும், அதைச் சமமாக வெட்டும்போது நடுப்பக்கங்களின் வெளி ஓரம் ஒடுங்கும். பக்க இலக்கத்தை ஓரத்திலிருந்து 12 மில்லிமீற்றராவது உள்ளே வையுங்கள்.

விலை கேட்பது

'ஒரு சின்னப் புத்தகம் அடிக்க எவ்வளவு?' என்று கேட்டால் வாயில் வந்த ஒரு விலைதான் கிடைக்கும். கேள்வியை இப்படி எழுதி மூன்று அச்சகங்களுக்கு அனுப்புங்கள்: 'ஏ5, உள்ளே 48 பக்கம், 80 ஜிஎஸ்எம், ஒரு நிறம். அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்ட், வெளிப்பக்கம் மட்டும் நான்கு நிறம், மெட் லெமினேஷன், மடிப்புக்குக் கோடு அழுத்தி. நடுவில் இரண்டு பின். 200 பிரதிக்கும் 300 பிரதிக்கும் தனித்தனி விலை. மாதிரிப் பிரதி ஒன்று உட்பட.' இரண்டு எண்ணிக்கைக்கும் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிளேட் போட்டு அடிக்கும் ஓவ்செட் அச்சில் பிளேட்டுக்கும் ஆயத்தத்துக்கும் ஆகும் செலவு எத்தனை பிரதி என்றாலும் ஒன்றுதான், கூடினால் பிரதி விலை இறங்கும். நூறுக்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சுத்தான் அநேகமாக மலிவு. கோடு அழுத்துவதைக் குறிப்பிடாவிட்டால் தடித்த அட்டை மடிப்பில் வெடித்து, நிறம் உதிர்ந்து, வெள்ளையாகத் தெரியும். தாளையும் அட்டையையும் தொட்டுப் பார்க்கவேண்டுமென்றால் புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். ஞாயிறு, போயா தவிர்த்து.

மெய்ப்பு

கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒருதரம், வாய்விட்டு ஒருதரம், கவிதை வாசிக்காத ஒருவரிடம் கொடுத்து ஒருதரம். கைப்பேசியின் வாசிப்புக் குரலைத் தமிழில் ஓடவிட்டுக் கேட்பதும் நல்லது, அது விடுபட்ட எழுத்தை உங்களைப்போல மனதில் நிரப்பிக்கொள்ளாது. தலைப்புகளையும் உள்ளடக்கப் பக்க இலக்கங்களையும் தனியாகச் சரிபாருங்கள், பெரிய எழுத்துப் பிழைதான் யார் கண்ணிலும் படாமல் தப்பும். இந்தக் கட்டத்தில் புதுக் கவிதை சேர்க்கவேண்டும் என்று கை துடித்தால் அதை அடுத்த கொப்பியில் எழுதுங்கள். ஒரு வரி கூடினால் அந்தப் பக்கம் மட்டுமல்ல, பின்னால் வரும் பக்கங்களும் நகரும்.

வேறு வேலைகளுக்கு

குறும்படத்தில் கத்தரி படும் இடம் வெளிச்சமும் சத்தமும். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது மாலை 5.45க்கும் 6.35க்கும் இடையில்தான். மறைந்தபின் அந்தி அரைமணித்தியாலம்கூட நிற்காது. காலிமுகத்திடலில் கடற்காற்று நேரே மைக்கில் அடிக்கும், வெள்ளவத்தைக் கரையோரத்தில் ரயில் வசனத்தை விழுங்கும். இவற்றை முதல் நாளே அதே நேரத்தில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் அனுமதியையும் முன்கூட்டியே பாருங்கள். நடிகர் அந்த இடத்தில் என்ன செய்வார் என்பதை மட்டும் எழுதிக் கட்டிப்போடவேண்டாம். கோலத்துக்குப் புள்ளி எண்ணிக்கைதான் திட்டம், நிறம் கைபோனபடி.

பிரதிகள் வந்த நாள்

கட்டுக்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று எடுத்துப் பாருங்கள். 24, 25ஆம் பக்கங்கள் எதிரெதிரே இருக்கின்றனவா, பின்கள் மடிப்பின் நடுவிலேயே விழுந்திருக்கின்றனவா, ஏதாவது 16 பக்க ஓட்டம் இரட்டித்தோ விடுபட்டோ இருக்கிறதா? பிழையான பிரதிகளை மீதிக் காசு கொடுக்கமுன் திருப்பிக் கொடுங்கள், பிறகு கேட்பது சங்கடம். மிச்சத்தைச் சீமெந்துத் தரையில் வைக்கவேண்டாம். ஒரு பலகைக்கு மேல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, படுக்கையாக அடுக்குங்கள். மழைமாதத்தில் ஈரம் இழுத்தால் லெமினேஷன் போட்ட அட்டை ஒருபக்கம் சுருளும், சுருண்டதை நிமிர்த்துவது கடினம்.